கிளை நின்ற இடம்

உங்கள் விசாரணை அலுவலகத்தில் டீ நன்றாகத்தான் போடுகிறார்கள், அம்மா. பால்தான் பத்தவில்லை. எங்கள் தீவில் இப்படிக் கறுப்பாக யாரும் குடிக்கமாட்டார்கள். பாதிக்குப் பாதி பால், ஒரு சிட்டிகை உப்பு, வீட்டில் இருந்தால் ஒரு துண்டு வெண்ணெய். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த விவகாரமே ஒரு ஃபிளாஸ்க் பால் டீயில் ஆரம்பித்ததுதான். அதனால் நானும் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னை நீங்கள் கூப்பிட்டது மோசடிப் புகாருக்காக. இர்கூத்ஸ்க் நகரத்தில் நடந்த புகைப்படப் போட்டியில், "கை படாத இயற்கை" என்ற பிரிவில், என் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். கொடுத்தவர்களே இப்போது அது போலி என்கிறார்கள். புகாரில் இரண்டு குற்றச்சாட்டு. படத்தின் நடுவில் இருக்கும் வெள்ளை வட்டம் தானாக உண்டானதல்ல, டீ ஊற்றிச் செய்தது என்பது ஒன்று. அந்த வட்டத்தின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிகிறது, அது இருட்டறையில் இரண்டு நெகட்டிவைச் சேர்த்து அடித்த தில்லுமுல்லு என்பது இன்னொன்று.

என்னை எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். கஞ்சன் என்று சொல்லியிருக்கிறார்கள், சிடுமூஞ்சி என்று சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி ஊரைவிட்டுப் போகும்போது கல் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தில்லுமுல்லுக்காரன் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. ஆகவே இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் நானாக முன்வந்து பேசுகிறேன். இடையில் வேறு சில விஷயங்களும் வரும். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் பெயர் இன்னகேன்ட்டி. ஊரில் கேஷா. பைக்கால் ஏரித் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன். பிழைப்புக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கிறேன். மனிதர்களைப் படம் எடுப்பது அந்த அளவோடு சரி. மற்றபடி குளிர்காலம் முழுக்க ஏரியில்தான் கிடப்பேன். உறைந்த ஏரியின் பனிக்கட்டியை, மரப்பெட்டிக் கேமராவில், கறுப்பு வெள்ளையில் எடுப்பேன்.

என் படங்களில் மலை இருக்காது, வானம் இருக்காது, கரை இருக்காது. வெடிப்பு, குமிழி, கோடு, இருட்டு, அவ்வளவுதான். மற்றவர்கள் படத்தில் எதையாவது சேர்க்கப் பார்க்கிறார்கள். என் வேலை விலக்குவது. முதலில் நிறத்தை விலக்கினேன். எங்கள் பனிக்கட்டியின் நீலத்தைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் வாய் பிளக்கிறார்கள். நீலம் என்பது கண்ணுக்குக் கொடுக்கிற லஞ்சம், வேறொன்றுமில்லை. பிறகு அடிவானத்தை விலக்கினேன், பிறகு மனிதரை. ஒரு செருப்புத் தடம், ஒரு சிகரெட் துண்டு என் படத்தில் நீங்கள் பார்க்க முடியாது. சுத்தம் எனக்கு முக்கியம். வீட்டிலும் அப்படித்தான்.

பக்கத்து வீடு சோல்போன். ஏரிப் பக்கத்துப் பூர்வகுடியான புரியாத் இனத்துக்காரன். நானும் அவனும் ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம், சின்ன வயசில் ஒரே ஜோடி சறுக்குக் கட்டையை ஆளுக்கொரு காலில் மாட்டிக்கொண்டு விழுந்து எழுந்தவர்கள். நாங்கள் ரொட்டி வண்டி என்று சொல்வோமே, பாண் ரொட்டி மாதிரி மொழுக்கென்று இருக்கும் சாம்பல் நிற வேன், அது ஒன்று வைத்து ஏரியின் மேல் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவான். அதோடு, எங்கள் பக்கத்து ஏரிக்குக் கிளை நடுகிறவனும் அவன்தான்.

கிளை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தானே. பனிக்கட்டி பலமில்லாத இடத்துக்கு முன்னால் ஒரு பைன் கிளையை நட்டு வைப்பது. எங்கள் ஊரில் பாதை பார்த்து யாரும் ஓட்டமாட்டார்கள், கிளை பார்த்துத்தான் ஓட்டுவார்கள். கிளை இல்லை என்றால் கெட்டி. வெளியூர்க்காரன் எல்லா இடத்திலும் பயந்து மெதுவாகப் போவான், பிழைத்துக்கொள்வான். எங்கள் ஆள் கிளை கண்ணில் படும்வரை அழுத்தி மிதிப்பான்.

சோல்போன் நல்லவன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் ரசனை கிடையாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. ஒருமுறை என் வீட்டுச் சுவரில் படங்களை மாட்டி அவனையும் அவன் மனைவி தரிமாவையும் கூப்பிட்டேன். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டான்.

"என்னடா கேஷா, எக்ஸ்ரே எடுத்து மாட்டி வெச்சிருக்க? ஏரிக்கு என்ன, நெஞ்சுச் சளியா?"

"சும்மா இருங்க. அண்ணன் எவ்ளோ பாடுபட்டு எடுத்திருக்காரு" என்றாள் தரிமா.

"பாடுபட்டிருக்கான், யாரு இல்லேன்னா? ஆனா இதுல எது மேல எது கீழன்னு அவனுக்கே தெரியாது. என்ன பந்தயம்?"

நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். அவர்கள் போன பிறகு பார்த்தால், ஒரு படம் தலைகீழாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது வேறு விஷயம்.

தரிமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனைவி போனதிலிருந்து எனக்குக் காலை டீ அவள்தான். விடிந்ததும் பெரிய பாத்திரத்தில் பால் டீ காய்ச்சுவாள். முதல் கரண்டி ஏரிக்கு. கரைக்குப் போய்ப் பனிக்கட்டியின் மேல் தெளித்துக் கும்பிட்டுவிட்டு வருவாள், அவர்கள் வழக்கம் அது. அடுத்தது சோல்போனின் ஃபிளாஸ்க். அடுத்தது என்னுடையது. "அண்ணே, சூடா இருக்கும்போதே குடிச்சிருங்க" என்று வேலிக்கு மேலே நீட்டுவாள். நான் குடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சூடு வேறு வேலைக்கு வேண்டியிருந்தது.

ஊருக்கு வடக்கே ஒரு சின்ன வளைகுடா உண்டு. காற்று பனித்தூளை எல்லாம் பெருக்கித் தள்ளிவிடுவதால், அங்கே பனிக்கட்டி கண்ணாடி மாதிரி, கறுப்பாக, அடிவரை தெரியும். அந்த மாதிரிப் பனிக்கட்டி உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். அதற்கு ஒரே குறை, நடுவில் ஓரிடத்தில் கீழே வெந்நீர் ஊற்று. அந்த இடம் மட்டும் அப்பளம். அதற்கு முன்னால் சோல்போன் வருஷாவருஷம் ஆளுயரக் கிளை ஒன்று நட்டு, உச்சியில் ஒரு சிவப்புத் துணி கட்டுவான். தரிமாவின் பழைய தலைத்துணியில் கிழித்தது.

குளிர்காலச் சூரியன் தாழ்வாக வருவது உங்களுக்குத் தெரியும். அந்த ஒற்றைக் கிளையின் நிழல் வளைகுடாவின் குறுக்கே கோடு போட்டது மாதிரி கிடக்கும். எங்கே கேமராவை வைத்தாலும் சட்டத்துக்குள் வந்து நிற்கும். நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அதக் கொஞ்சம் தள்ளி வெக்கக் கூடாதாடா?"

"அலங்காரத்துக்கா வெச்சிருக்கேன்? கீழ வெந்நி ஊத்துடா. ஒரு ஆள் எடையே தாங்காது."

"அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அப்புறம் எதுக்குக் கிளை?"

"மலைக்காத்து இறங்கிப் பனித்தூள் கெளம்பட்டும், அப்ப சொல்லு. எனக்கே என் மூக்கு தெரியாது. அந்தச் சிவப்புதான் தெரியும். அது தெரியலேன்னா, இன்னும் எடம் வரலேன்னு நான் பாட்டுக்குப் போவேன்."

இதை அவன் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லை என்று சொன்னால் அது பொய்.

சரி என்று விட்டுவிட்டேன். அவன் இல்லாத நேரத்தில் நானே கிளையை எடுத்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, திரும்ப நட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். சுலபமான வேலை இல்லை. சின்னத் துளை போட்டு, கிளையைச் சொருகி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி உறையவைப்பான். அவன் நட்ட கிளையை இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. அங்கேதான் தரிமாவின் டீ. ஃபிளாஸ்க்கை அப்படியே அடியில் ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் கிளை ஆடும், உருவி எடுத்துவிடலாம். வேலை முடிந்ததும் அதே துளையில் வைத்துப் பனிக்கூழைத் திணித்துவிடுவேன். அதுவரை ஒருமுறைகூட வைக்காமல் வீடு திரும்பியதில்லை. அந்த விஷயத்தில் நான் பொறுப்பானவன்.

அந்த வருஷம் மட்டும் சோல்போன் ஒரு காரியம் செய்தான். ஒரு நாள் சாயங்காலம் வேலியோரம் நின்று, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே, சந்தோஷமாகச் சொன்னான்.

"நாளையிலேர்ந்து உன் வளைகுடாவுக்கு ஆள் கூட்டியாறேன்டா. ஒரு பெரிய கும்பல். குமிழி பாக்கணுமாம், படுத்துக்கிட்டுப் படம் எடுக்கணுமாம். சீசன் முழுக்க நம்ம வண்டிதான்."

அவர்கள் காலில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு வருவார்கள், அம்மா. ஒரு மணி நேரம் போதும், ஒரு வருஷத்துப் பனிக்கட்டி முழுக்கக் கீறலாகிவிடும். அந்த ஒரு வளைகுடாவை மட்டும் விட்டுவிடு, மற்ற ஏரி முழுவதும் உனக்குத்தானே என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளலாம்.

"ஏரி என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோளில் கை போட்டான். "பாவம்டா நீ. நீயும் வா நாளைக்கு. அந்தப் பொட்டிய வெச்சுட்டு எங்களோட ஒரு படத்துல நில்லு. இத்தன வருஷமாப் படம் எடுக்கற, ஒண்ணுலயாச்சும் உன் மூஞ்சி இருக்கா?"

பாசத்தில்தான் சொன்னான். பாசத்தில் சொல்வதுதான் ஆழமாகக் குத்தும். அவன் கையை நான் தட்டிவிடவில்லை. அவனாக எடுக்கும்வரை நின்றேன்.

மறுநாள் நான் வெள்ளனவே வளைகுடாவுக்குப் போய்விட்டேன். கீறல் விழுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு படம், அவ்வளவுதான் எண்ணம். கேமராவையும் முக்காலியையும் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். ஏரிக்குப் போகும்போது நான் எப்போதும் கறுப்பு உடைதான் போடுவேன். வெளிர் நிறம் போட்டால் பனிக்கட்டியில் என் உருவம் தெரிந்து படத்தைக் கெடுக்கும். டீயை ஊற்றினேன். கிளையை உருவினேன். சறுக்குப் பலகையில் படுக்க வைத்தேன்.

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாக எழுதுங்கள்.

கிளை நின்ற துளையில் டீ தேங்கியிருந்தது. நான் வேறு பக்கம் கேமராவை வைத்து இரண்டு படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அது உறைய ஆரம்பித்திருந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது தண்ணீர் தெளிந்துகொண்டே வந்து, பாலை எல்லாம் நடுவுக்குத் தள்ளியிருந்தது. நடுவில் ஒரு வெள்ளை வட்டம். கிளையை உருவியபோது உதிர்ந்த பைன் ஊசிகள் அதைச் சுற்றிக் கறுப்புக் கோடுகளாகச் சாய்ந்து நின்றிருந்தன. அதற்கு அடியில் ஆழமான இருட்டு. என் வாழ்நாளில் அதைவிட அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதை நான் செய்யவில்லை. டீயை ஊற்றியது கிளையை எடுக்க. வட்டம் உண்டாக்க அல்ல. வட்டம் தானாக உண்டானது. உள்நோக்கம் இல்லாமல் நடந்தது இயற்கைதானே? டீ நிறமாக இருந்தது உண்மை. ஆனால் கறுப்பு வெள்ளையில் அந்தப் பழுப்பு ஏது? ஆகவே "டீ ஊற்றிப் படத்தை அமைத்தார்" என்பது தவறு. "கிளையை அகற்ற டீ ஊற்றினார், படம் தானாக அமைந்தது" என்று இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்கப்போவது புரிகிறது. கிளையை ஏன் திரும்ப வைக்கவில்லை. இருந்தது ஒரே துளை. அதில் வைத்தால் வட்டம் உடையும். பக்கத்தில் சாய்த்தாவது வைத்திருக்கலாமே என்பீர்கள். நிழல் விழும்.

முழுக்க உறைந்து இறுகட்டும் என்று காத்திருந்தேன். சுற்றுலாக் கும்பல் வரவில்லை. அவர்கள் பேருந்து வழியில் நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. பொழுது சாய்ந்தது. மலைக்காற்று இறங்கியது, பனித்தூள் கிளம்பியது. முக்காலி ஆடக் கூடாது என்று என்னிடம் இருந்த கயிற்றால் அதன் கால்களைச் சறுக்குப் பலகையோடு இறுக்கிக் கட்டினேன். லென்ஸை நேர் கீழே பார்க்கத் திருப்பினேன். வெளிச்சம் குறைவு. ஒரு நிமிடத்துக்கு மேலேயே லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, திறந்தேன், எண்ண ஆரம்பித்தேன்.

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது.

சோல்போனின் வண்டிதான். புகைக்குழாயில் ஓட்டை, இருமிக்கொண்டே வரும். கரையிலிருந்து நேராக வளைகுடாவுக்குள் வந்துகொண்டிருந்தது. அழுத்தித்தான் மிதித்துக்கொண்டு வந்தான், சத்தத்தில் தெரிந்தது. சிவப்புத் துணி கண்ணில் படவில்லை, ஆகவே இன்னும் இடம் வரவில்லை என்று நினைத்திருப்பான். நான் கறுப்பு உடையில், கறுப்புத் துணிக்குக் கீழே, கறுப்புப் பனிக்கட்டியின் மேல் இருந்தேன். எழுந்து கையை ஆட்டியிருந்தால் தெரிந்திருக்கும். எழுந்தால் கேமரா ஆடும்.

வண்டியில் அவன் மட்டும்தான் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கும்பலோடுதான் வருகிறான் என்று நினைத்தேன். இதை நான் மறைக்கலாம், ஆனால் நீங்கள் உண்மை கேட்டீர்கள்.

எண்ணிக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி முதலில் முனகியது, பிறகு வளைகுடா முழுக்க ஒரு அதிர்வு ஓடியது. முக்காலி ஒரு நூல் அளவு நகர்ந்து நின்றது. அந்த நூல் அளவுதான், அம்மா, வட்டத்தின் இரட்டை விளிம்பு. நடுவர் குழுவே அதைத்தான் புகழ்ந்தது, பனிக்கட்டி உயிரோடு சிலிர்ப்பது போல இருக்கிறது என்று. இதோ, நெகட்டிவைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே நெகட்டிவ். விளக்கில் பிடித்துப் பாருங்கள். இருட்டறையில் எந்த வேலையும் செய்யவில்லை. இரண்டாவது குற்றச்சாட்டும் இத்தோடு விழுந்துவிட்டது என்று நம்புகிறேன்.

ஊரில் நான் அப்போது சொன்னது வேறு. தூரத்தில் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன், அதற்குள் முடிந்துவிட்டது என்றேன். அது கொஞ்சம் சுருக்கிச் சொன்னது. கிளையைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. மூழ்கிய வண்டியை வெளியே எடுத்தபோது உள்ளே ஒரு ஃபிளாஸ்க்கும், ஒரு கம்பளிப் போர்வையும், தாளில் சுற்றிய பொரித்த மீனும் இருந்தன. காற்று இறங்கியதும் தரிமாதான் அனுப்பியிருக்கிறாள். கேஷா அண்ணன் இன்னும் வரலே, போய்க் கூட்டிட்டு வாங்க என்று. எனக்குத் தெரிந்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த மீனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிளையை அன்றே அடுப்பில் வைத்துவிட்டேன். சிவப்புத் துணி என்னிடம் இருக்கிறது, லென்ஸ் துடைக்க. நல்ல பழைய பருத்தி, இழை ஒட்டாது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வளைகுடாவில் கிளை இல்லாததைப் பார்த்துவிட்டு, அந்த வருஷம் சோல்போன் நடவே மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். "ஊருக்கெல்லாம் கிளை நட்டான், தன் குழிக்கு நடல" என்று மற்ற ஓட்டுநர்கள் பேசிக்கொண்டார்கள். குடித்திருப்பான் என்றார்கள். சுற்றுலாக்காரர்களை மட்டும் கூட்டிப் போயிருந்தால் இருபது உயிர் போயிருக்கும் என்று, செத்தவனைத் திட்டினார்கள். தரிமா ஒருத்திதான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். "எங்க வீட்டுக்காரரு சாப்பிட மறப்பாரு, கிளை நட மறக்கமாட்டாரு. என் துணிய நானே கிழிச்சுக் குடுத்தேன்" என்பாள். பெண்டாட்டி சொன்னால் யார் கேட்பார்கள்? வேலிக்கு ஓணான் சாட்சியா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அழுதுகொண்டே என் வீட்டுக்கு வருவாள். "நீங்க தெனம் அங்க போவீங்களே அண்ணே, கிளை இருந்துச்சா? ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா ஊர் கேக்கும்." கவனிக்கவில்லையே தரிமா என்பேன். அதற்கும் அவள் கோபப்படவில்லை. காலை டீ ஒரு நாளும் நிற்கவில்லை. இப்போது ஃபிளாஸ்க் ஒன்று குறைந்ததால், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

அந்த வளைகுடாவுக்கு இப்போது யாரும் வருவதில்லை, கெட்ட இடம் என்று. பனிக்கட்டியில் ஒரு கீறல் இல்லை.

பரிசு கிடைத்ததும் கண்காட்சிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் டீ கொடுத்தவள், ஒரு நல்லது பார்க்கட்டுமே என்று. கூடம் முழுக்கக் கூட்டம். நடுவர் ஒருத்தர் என் படத்துக்கு முன்னால் நின்று, இது ஏரியின் கண், சுற்றி இமை முடிகள் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். கண்ணாம், இமையாம். என் படங்களுக்கு நான் பெயரே வைப்பதில்லை.

தரிமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி நின்று பார்த்தாள்.

"கண்ணா? இது பால் டீங்க. என் டீ" என்றாள்.

நடுவர் சிரித்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"தெனம் காலைல ஏரிக்குத் தெளிக்கிறேன், நான் பாக்காததா? வெள்ளையெல்லாம் இப்பிடித்தான் நடுவுல ஒதுங்கும். இதோ, இதெல்லாம் பைன் ஊசி. ஐஸ்ல பைன் மரமா மொளைக்கும்? யாராச்சும் நட்டாத்தான் உண்டு." அவள் குரல் உடைந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இது அந்த வளைகுடாதானே? இது அவரு நட்ட கிளை நின்ன எடம்தானே? நட்டிருந்தாரு, இல்ல?"

அழுதுகொண்டே சிரித்தாள், அம்மா. அவ்வளவு கூட்டத்தில், "நட்டிருக்காரு, நட்டிருக்காரு" என்று யார் யார் கையையோ பிடித்துச் சொன்னாள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர்கள் காதில் டீ மட்டும்தான் விழுந்தது. டீ என்றால் மனிதன் கை பட்டது, கை பட்டால் பிரிவு மாறிவிட்டது, ஆக மோசடி. ஒரு பெண் அவ்வளவு சொல்லியும், போட்டி விதி தவிர வேறெதையும் யோசிக்கத் தெரியாத ஜனங்கள். எனக்கு வெறுத்துப் போனது.

நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நடுவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது படம்தான் பெரிதாக இருந்தது. அவள் இப்போது இங்கே வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், கிளை இருந்தது, நன்றாக, அசையாமல் நட்டிருந்தான் என்று. அவன் பெயர் சுத்தமாகட்டும். யார் எடுத்தது என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். அவள் மனசு முறிந்துபோனால் காலை டீக்கு எனக்கு வேறு ஆள் கிடையாது.

எழுதியதை நீங்கள் வாசித்துக் காட்டியதும் சரிதான். கிளையைப் பிடுங்கினேன், சரி. வண்டி வருவது தெரிந்தும் எச்சரிக்கவில்லை, சரி. கிளையை எரித்தேன், துணியை வைத்துக்கொண்டேன், பொய் சொன்னேன், எல்லாம் சரி. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். படம் அமைக்கப்பட்டதல்ல என்ற வரி மட்டும் கடைசிப் பக்கத்தில் தனியாக இருக்கட்டும்.

ஓரிடத்தில் மட்டும் திருத்தம் உண்டு. "கயிறு இருந்தும் கொடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடந்தது அல்ல.

நடந்ததைச் சொல்கிறேன். ஏரியில் ஓட்டும்போது நாங்கள் கதவைத் தாழிடுவதில்லை. அதனால் அவன் வண்டியிலிருந்து வெளியே வந்துவிட்டான். விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றியிருந்தான். பனித்தூளுக்குள் என்னைப் பார்த்தானா, இருப்பேன் என்று தெரிந்து கூப்பிட்டானா, தெரியாது. "கேஷா! கிட்ட வராதடா, ஐஸ் தாங்காது! நீயும் விழுந்துருவ! கயிறு இருந்தா வீசு!" என்றான். கிட்டே வராதே என்று அவனேதான் சொன்னான், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டான். என்னிடம் இருந்த ஒரே கயிறு முக்காலியின் காலில் இருந்தது. என் எண்ணிக்கை பாதிதான் தாண்டியிருந்தது.

கொடுக்கவில்லை என்று எழுதாதீர்கள். லென்ஸை மூடினேன், ஃபிலிமைப் பத்திரமாக உறையில் போட்டேன், முடிச்சை அவிழ்த்தேன், கயிற்றைத் தூக்கிச் சரியாக அவன் இருந்த இடத்துக்குத்தான் வீசினேன். பிடிப்பதற்கு அங்கே யாரும் இல்லை. ஆனால் வீசினேன், அம்மா. படம் முடிந்த கையோடு வீசினேன்.